எசன்ஸ் ரூம்

மிட்டாய்க் கம்பெனிக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "முன்ன மாதிரி இல்ல." இன்னொன்று, "பழம் மாதிரி இல்ல." கடை கடையாகச் சரக்குப் போட லைனுக்குப் போன வேன் சாயங்காலம் திரும்பி, ரிட்டர்ன் பாட்டில்களை இறக்கும்போதே சேல்ஸ்மேன் முகத்தைப் பார்த்து இன்றைக்கு எது என்று சொல்லிவிடலாம். இரண்டில் எதுவானாலும் முதலாளி கூப்பிடுவது என்னைத்தான். பாகு மேடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு எசன்ஸ் ரூமுக்கு மாறியவன் நான். விருதுநகர் பக்கம், சர்க்கரையும் லிக்விட் குளுக்கோஸும் காய்ச்சி ஆரஞ்சு மிட்டாய், புளிப்பு மிட்டாய், பெப்பர்மிண்ட் போடுகிற நடுத்தரக் கம்பெனி. ருசியில் குறை என்றால் எசன்ஸ்காரன் அளவைக் குறைத்துவிட்டான் என்றுதான் எல்லோரும் முடிவு கட்டுவார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க நான் கண்டது வேறு. எசன்ஸ் கேனுக்குள்ளிருந்து கிளம்பிய கோளாறு அபூர்வம். மிட்டாய் வாயில் மாறித் தெரிவதற்குப் பாகு மேடையிலும் கடை அலமாரியிலும் சாப்பிடுகிறவர் தலைக்குள்ளும் வேண்டிய வழிகள் இருக்கின்றன.

முதலில் பாகு மேடை. கடித்தால் நொறுங்குகிற மிட்டாய்க்குப் பாகு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீர் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்காக வற்றி, ஆறியதும் கண்ணாடி மாதிரி நிற்கும். பழைய மாஸ்டர்கள் தெர்மாமீட்டரை மதிப்பதில்லை. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, இறுகியதைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டுவார்கள். 'டங்' என்று கேட்டால் பதம். உடனே கொப்பரையைச் சாய்த்து, எண்ணெய் தடவிய இரும்பு மேடையில் கொட்டுவார்கள். மேடைக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கொட்டிய பாகில் ஓரம் முதலில் இறுகும். அதை இரும்புத் தகட்டால் நெம்பி நடுவில் மடித்துப் போட்டு, விரிய விட்டு, மறுபடி மடிப்பார்கள். இந்த மடிப்புகளுக்கு நடுவே ஒரு குழி செய்து அதில்தான் எசன்ஸை ஊற்ற வேண்டும். ஊற்றிய கையோடு நாலு பக்கமும் மடித்து மூடிவிட வேண்டும். குழி சீக்கிரம் செய்தால் பாகு கொதிசூட்டில் இருக்கும். தாமதித்தால் பாகு விறைத்து, எசன்ஸ் ஒரு பக்கம் திட்டாக நின்றுவிடும். ஒரு மிட்டாய் நாக்கைச் சுடும், அடுத்தது வெறும் சர்க்கரை.

சூட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு அன்னாசி எசன்ஸ் நல்ல உதாரணம். அதில் பல சரக்கு கலந்திருக்கும். பழத்தை அறுத்ததும் மூக்கில் ஏறுகிற அந்தப் புதுசான, ஜூஸ் மாதிரியான மணத்துக்கு எத்தில் பியூட்டிரேட். அதற்குக் கீழே நிற்கும் கனமான இனிப்பு மணத்துக்கு அல்லைல் ஹெக்சனோயேட். முதலாவது 121 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டாவது 180ஐத் தாண்ட வேண்டும். பாகு 140ல் இருக்கும்போது அவசரப்பட்டு ஊற்றினால் முதல் சரக்கு ஆவியாகிப் போய்விடும், இரண்டாவது தங்கிவிடும். அளவு சரியாகத்தான் போட்டிருப்போம். வாயில் போட்டவருக்கு மட்டும் அன்னாசி ஜாம் டப்பாவைத் திறந்தது போல மந்தமாகத் தெரியும். "எசன்ஸ் மாத்திட்டீங்களா?" என்பார். மாற்றவில்லை, பாதி பறந்துவிட்டது.

கம்பெனியைப் பார்க்க வருகிறவர்கள் ஷெட்டுக்குள் கால் வைத்ததும், "ஆகா, என்ன வாசனை!" என்பார்கள். எங்கள் மாஸ்டருக்கு முகம் சுருங்கும். ஷெட்டில் மணப்பதெல்லாம் மிட்டாயில் இல்லாதது என்பது அவர் கணக்கு. வாசனை குறைவாக வருகிற நாளில்தான் அவர் டீ குடிக்க நிம்மதியாகப் போவார்.

வீட்டில் மிட்டாய் செய்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். கேசரிக்கும் கேக்குக்கும் விடுகிற சின்ன பாட்டில் எசன்ஸில் பலவற்றுக்குக் கரைப்பான் ஆல்கஹால். அது 78 டிகிரியில் கொதிக்கும். பாகில் விட்டதும் 'சுர்ர்' என்று பொங்கி, மணத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மிட்டாய்க்கென்று வருகிற எசன்ஸை புரோப்பிலின் கிளைக்கால், டிரைஅசிட்டின் போன்ற சூடு தாங்கும் கரைப்பானில் கலந்திருப்பார்கள்.

எசன்ஸுக்குச் சமமாகப் பேச வேண்டியது புளிப்பு. லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) இல்லாத ஆரஞ்சு மிட்டாயைக் கொடுத்துப் பாருங்கள், சென்ட் தெளித்த கற்கண்டு என்பார்கள். மூக்கு என்ன சொன்னாலும் நாக்கு புளிப்பைக் காட்டினால்தான் பழம் என்று நம்பிக்கை வரும். புளிப்பிலும் ரகம் இருக்கிறது. சிட்ரிக் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும். மேலிக் மெல்ல வந்து நெடுநேரம் நிற்கும், ஆப்பிளுக்கு ஏற்றது. டார்டாரிக் நம் புளியின் புளிப்பு, திராட்சையிலும் அதுதான். திராட்சை எசன்ஸோடு சிட்ரிக் சேர்த்தால் ஒரு மாதிரி, டார்டாரிக் சேர்த்தால் இன்னொரு மாதிரி. விலைக்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் "முன்ன மாதிரி இல்ல" வந்தே தீரும். காரணத்தைச் சொல்லத் தெரியாவிட்டாலும் நாக்குக்குத் தெரியும்.

இந்தப் புளிப்பைக் கொதிக்கும் பாகில் போட்டால் வேறு வம்பு. சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிந்துவிடும். ஐப்பசி அடைமழையில் அந்த மிட்டாய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, பாட்டிலுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கண்ணாடி மாதிரி இருந்தவரை மணத்தை உள்ளே பூட்டி வைத்திருந்த சர்க்கரை, ஈரம்பட்டு வெளிப்புறம் நரநரவென்று குருணை கட்டியதும் பிடியை விட்டுவிடும். மழைக்காலத்துச் சரக்கு சப்பென்று இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எலுமிச்சை மிட்டாய்க்கு எதிரி மழை அல்ல, வெயில். கடைக்காரர்கள் மஞ்சள் நிறம் கண்ணில் படட்டும் என்று அதை முன்வரிசையில் வைப்பார்கள். எலுமிச்சைத் தோல் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனின். எலுமிச்சை என்று அடையாளம் காட்டுவது அதில் கொஞ்சமாக இருக்கும் சிட்ரால். காற்றும் வெளிச்சமும் புளிப்பும் சேர்ந்தால் சிட்ரால் சிதையும்; லிமோனின் ஆக்சிஜனோடு சேர்ந்து டர்பன்டைன் வாடைக்குத் திரும்பும். "பெயிண்ட் கடை மாதிரி நாறுது" என்று திரும்பி வந்த பாட்டில்கள் எல்லாம் முன்வரிசை பாட்டில்கள். அதே பேட்ச் பின்வரிசையில் இருந்தது சுத்தமாக இருந்தது.

கடை அலமாரியில் இன்னொரு குற்றவாளி பெப்பர்மிண்ட். மெந்தால் அடங்கி இருக்கிற ஜாதி இல்லை. தானாகவே ஆவியாகும். மெல்லிய பாலித்தீன் உறையைத் தாண்டி வந்துவிடும். நாங்கள் பெப்பர்மிண்ட்டை வாரக் கடைசியில்தான் ஓட்டுவோம். ஓட்டி முடித்ததும் மேடை, ரோலர், தட்டு எல்லாவற்றையும் வெந்நீர் விட்டுக் கழுவுவோம். மற்ற மிட்டாய்களின் உடைசலை அடுத்த பாகில் சேர்த்துக் கரைப்பது வழக்கம். பெப்பர்மிண்ட் உடைசல் பெப்பர்மிண்ட்டில்தான் போகும். இவ்வளவு காபந்து செய்து அனுப்பினால் கடையில் என்ன நடக்கும் தெரியுமா? அருப்புக்கோட்டை லைனில் ஒரு கடை. ஆரஞ்சு மிட்டாய் ஜில்லென்று இருக்கிறது, இருமல் மாத்திரை மாதிரி இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்வதாகத் தொடர்ந்து புகார். நேரில் போனேன். பாதி காலியான இரண்டு பாட்டில்களை ஒன்றாக்கி இடத்தை மிச்சம் பிடித்திருந்தார் அண்ணாச்சி. அடியில் பெப்பர்மிண்ட், நடுவில் ஒரு செய்தித்தாள், மேலே ஆரஞ்சு.

"பேப்பர் வச்சிருக்கேம்ல தம்பி" என்றார்.

பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

இனி "பழம் மாதிரி இல்ல." இதில் முதலில் மாட்டுவது வாழைப்பழ மிட்டாய். அதன் உயிர் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற ஒற்றைச் சரக்கு. பழுத்த வாழையில் அது இருக்கிறது, உண்மை. ஆனால் வாழையின் மணத்தில் அதோடு சேர்ந்து இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பூவனின் புளிப்பையும் ரஸ்தாளியின் வாசத்தையும் சிறுமலைப் பழத்தின் தேன் கட்டிய இனிப்பையும் ஒற்றைச் சரக்கில் கொண்டுவர முடியாது. இதே சரக்கு இங்கிலாந்தில் பேரிக்காய். 1851ல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியில் செயற்கைப் பழ எண்ணெய்கள் வைக்கப்பட்டிருந்தன. அங்கே அவற்றைப் பார்த்த வேதியியல் அறிஞர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன், 'பேரி எண்ணெய்' மிட்டாய்க்கு நிறையச் செலவாவதை எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் உறையில் வந்தால் வாழை, ரோஸும் மஞ்சளுமாக வந்தால் பேரி. உள்ளே இருப்பது ஒன்றுதான்.

கிரோ மிஷல் என்று ஒரு வாழை இருந்தது, பனாமா வாடல் நோயில் அது சந்தையை விட்டுப் போனது, மிட்டாயில் இருப்பது அந்தப் பழத்தின் ருசி என்று ஒரு கதை சுற்றுகிறது. அந்த வாழையில் இந்த மணம் தூக்கல் என்பார்கள், இருக்கட்டும். அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக அந்தப் பழம் போனது 1870களுக்குப் பிறகுதான். எண்ணெய் அதற்கு முன்பே மிட்டாயில் ஏறிவிட்டது. ஆகவே பழத்தைப் பார்த்து எசன்ஸ் செய்தார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எசன்ஸ் முதலில் கிடைத்தது, பழம் பிறகு பொருந்தியது. (தேனீ கொட்டும்போது மற்றவற்றை உசுப்பிவிடும் மணத்தில் முக்கியமானதும் இதே ஐசோஅமைல் அசிட்டேட்தான். மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர் வீட்டுக்கு வாழை எசன்ஸ் நாறும் சட்டையோடு போகாதீர்கள்.)

திராட்சையில் கதை ஊருக்கு ஊர் மாறும். திராட்சை மிட்டாயின் மணம் மெத்தில் ஆந்த்ரனிலேட். அமெரிக்காவில் கான்கார்ட் என்று ஒரு கறுப்புத் திராட்சை உண்டு. அதற்கு இந்த மணம் முகவரி மாதிரி. எசன்ஸும் அந்த வழியில்தான் வந்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வேறு குலம், மஸ்கட் ஹாம்பர்க். அதில் இருப்பது பூ வாசம். தேனி, கம்பம் லைனில் எங்கள் திராட்சை மிட்டாய்க்கு எப்போதும் இளக்காரம்தான். "காய்ச்சல் சிரப்" என்பார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்திலும் இதே மணத்தைச் சேர்ப்பதால் அந்த ஞாபகம் முந்திக்கொள்கிறது. ஆனால் ஓசூர் லைனில் ஒரு முணுமுணுப்பும் கிடையாது. அங்கே சந்தைக்கு வருவது பெங்களூர் புளூ. அது கான்கார்டின் உறவு, மெத்தில் ஆந்த்ரனிலேட் அதிலும் உண்டு. ஒரே கொப்பரை, ஒரே கேன், ஒரே உறை. ஒரு ஊருக்குப் பழம், இன்னொரு ஊருக்கு மருந்து. எசன்ஸ் சப்ளை செய்யும் ஆளிடம் இதைச் சொன்னபோது, அவர் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஸ்ட்ராபெர்ரி போடச் சொன்னார். ஸ்ட்ராபெர்ரிப் பழம் அப்போது எங்கள் பக்கம் யாரும் தின்றதில்லை, அதனால் புகாருக்கு வழியில்லை என்பது அவர் யுக்தி. செர்ரியும் அப்படித்தான். பேக்கரி கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு 'செர்ரி' பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். அதைத் தின்று வளர்ந்தவருக்கு பென்சால்டிஹைடு மணக்கும் செர்ரி மிட்டாய் பாதாம் மாதிரி ஏன் இருக்கிறது என்று குழப்பம் வருவது நியாயம். கசப்புப் பாதாமின் மணமும் அதே பென்சால்டிஹைடுதான்.

கலர் செய்யும் வேலையைப் பேக்கிங் பிரிவில் வைத்துப் பார்த்தேன். அன்னாசி எசன்ஸ் போட்ட ஒரே பாகை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்பு, மூன்றாவதில் கலரே இல்லாமல் போட்டோம். பேக்கிங் அக்காக்கள் நாள் முழுக்க மிட்டாயோடு இருப்பவர்கள், மோப்பம் பலம். மஞ்சளை வாயில் போட்டதும் அன்னாசி என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சிவப்புக்கு "ஸ்ட்ராபெர்ரி", "ரோஸ்", "ஏதோ கலவை" என்று ஆளுக்கொரு பதில். கலர் இல்லாததை வாயில் போட்ட அக்கா ஒருவர் முகத்தைச் சுளித்து வெளியே எடுத்துப் பார்த்தார். "கெட்டுப் போச்சா தம்பி?" என்றார். வெள்ளை மிட்டாய் என்றால் பெப்பர்மிண்ட் என்று வாய் தயாராகிவிட்டது. ஜில்லென்று வரவேண்டிய இடத்தில் புளிப்பு வந்ததும் அவருக்கு அது அன்னாசியாகத் தெரியவில்லை, கெட்ட பெப்பர்மிண்ட்டாகத் தெரிந்தது. பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2001ல் வெளியான ஆய்வு ஒன்றில், வெள்ளை வைனில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து, வைன் படிக்கும் மாணவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சிவப்பு வைனுக்கு உரிய வர்ணனையை எழுதிக் கொடுத்தார்கள். படித்த பிள்ளைகள் கதியே அதுவென்றால் எங்கள் அக்காவைச் சொல்லி என்ன?

மூக்கின் பங்கு எவ்வளவு என்பதற்குப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு ஒரு பாடம் வைத்திருந்தேன். மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏதாவது ஒரு மிட்டாயைச் சப்ப வேண்டும். இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும். ஆரஞ்சா, அன்னாசியா, மாம்பழமா என்று மட்டும் சொல்ல முடியாது. மூக்கை விட்டதும் தொண்டை வழியாக மணம் மேலேறி, பெயர் தானாக வாயில் வரும். சளி பிடித்த ஆளை நான் அன்றைக்கு ருசி பார்க்க விடுவதில்லை. காலையில் பல் விளக்கிய கையோடு வருகிறவரையும் விடுவதில்லை. பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடும். அப்போது ஆரஞ்சு கசக்கும்.

நாக்கு பற்றிய புகாரில் மறக்க முடியாதது ஒன்று. ராஜபாளையம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், எங்கள் மிட்டாயில் சர்க்கரையே இல்லை, மண்ணைத் தின்பது போல் இருக்கிறது என்று போனிலேயே சண்டை பிடித்தார். சேல்ஸ்மேன் போய் அவர் எதிரிலேயே தின்று பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. விசாரித்ததில், சுகர் இருக்கிறதென்று அவர் தினமும் காலையில் சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுத்தான் கடை திறப்பார் என்று தெரிந்தது. அந்த இலையின் ஜிம்னமிக் அமிலம் நாக்கின் இனிப்பு ஏற்பிகளை அடைத்துவிடும். அது விலகும்வரை சீனி வெறும் மணல்தான். சுகர் உள்ளவர் ஏன் மிட்டாயை ருசி பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. வியாபாரம் முக்கியம்.

இரண்டு வகைப் புகாரும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டது ஆரஞ்சு மிட்டாயில். சுளை வடிவத்தில், மேலே சீனி தூவி, பெட்டிக்கடை பாட்டிலில் இருக்குமே, அது. அதில் நாங்கள் போட்டுவந்தது பிரேசிலிலிருந்து வரும் தோல் எண்ணெய். அங்கே ஜூஸ் ஆலைகளில் சாறு பிழியும்போது தோலில் கிடைப்பது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் லிமோனின். ஆக மிட்டாயில் இருப்பது சுளையின் ருசி அல்ல, தோலின் மணம். அதுவும் நாம் உரித்துத் தின்கிற பழத்தின் தோல் அல்ல. நாம் ஆரஞ்சு என்று பழகியது கமலா, தோல் தளர்ந்து நிற்கிற மாண்டரின் ஜாதி. கூர்க்கிலிருந்தும் நாக்பூரிலிருந்தும் வருவது. அதன் தோலில் நகத்தை வைத்தால் தெறிக்கும் மணத்தில், பிரேசில் எண்ணெயில் இல்லாத ஒரு ஆழம் இருக்கும்.

சின்ன முதலாளி உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். "நம்ம சனம் தின்கிற பழத்தையே குடுப்போம்ணே" என்று மாண்டரின் எசன்ஸுக்கு ஆர்டர் போட்டார். விலை கூடுதல். பாகை 125 டிகிரிக்கு ஆறவிட்டு, நானே நின்று மடித்துப் போட்ட பேட்ச் அது. நாங்கள் போட்ட ஆரஞ்சு மிட்டாயிலேயே அதுதான் உசத்தி என்று இன்றும் சொல்வேன். வாயில் போட்டதும் பழம் உரித்த வாசம் மூக்குக்கு வந்தது. அதே உறை, அதே சுளை, அதே கலர்.

பத்து நாளைக்குள் சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் என்று லைன் லைனாகத் திரும்பி வந்தது. சாத்தூர் அண்ணாச்சி ஒருவர் பாட்டிலை மேசைமேல் தள்ளிவிட்டுச் சொன்னதைச் சேல்ஸ்மேன் அப்படியே வந்து சொன்னார்: "இது பழம் மாதிரில்லா இருக்கு. நான் கேட்டது ஆரஞ்சு மிட்டாய்."

சின்ன முதலாளி எசன்ஸைத் தூக்கிப் போடவில்லை. சுளை அச்சை விட்டுவிட்டு உருண்டையாக்கி, கலரைப் பாதியாகக் குறைத்து, கமலா என்று புது உறை அடித்து, விலையை ஏற்றி அனுப்பினார். அதே சாத்தூர் கடையில் அது போனது. திரும்பி வந்த சுளைகளை உடைசலோடு சேர்த்துக் கரைத்தோம். சுளை மிட்டாய்க்குப் பழையபடி பிரேசில் எண்ணெயையே எடுத்தோம்.